குளிர் முழுக்கச் சும்மா நின்ற தேயிலைச் செடி எதை வைத்துத் துளிர்க்கிறது?

அடுத்த கேள்வி. "குளிர்காலத்தில் தேயிலைச் செடி வளராமல் அப்படியே நிற்கிறது. வசந்தம் வந்ததும் கடகடவென்று கொழுந்து விடுகிறதே, அந்தச் சத்து முழுக்க வேரில் இருந்துதான் வருகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேரில் இருந்தும் வருகிறது, ஆனால் முழுக்க அங்கிருந்து இல்லை. வெப்பம் ஏறக்குறைய 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் துளிர் வளர்வது நின்றுவிடும். தேயிலை இலையுதிர்க்கும் செடி இல்லையே. முற்றின இலைகள் பச்சையாகவே இருந்து, வெயில் கிடைக்கும் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை செய்துகொண்டுதான் இருக்கும். செலவு குறைவு, வரவு நிற்கவில்லை. மிச்சம் மாவுச்சத்தாக மாறி வேரிலும் தடித்த தண்டிலும் சேர்கிறது.

சூடு ஏறினதும் மொட்டு விழிக்கிறது. மாவுச்சத்து கரையாது, அதனால் அப்படியே மேலே ஏற முடியாது. நொதிகள் அதை உடைத்துச் சர்க்கரையாக்கும், அப்புறம்தான் பட்டைப் பக்கத்துக் குழாய்கள் வழியாகத் துளிருக்குப் போகும். இது கைமுதல் மாதிரி. அன்றாடச் செலவைப் பழைய இலைகள்தான் பார்த்துக்கொள்கின்றன. புது இலை பாதி அளவுக்கு விரியும் வரை வாங்கித் தின்னும் பிள்ளைதான், திருப்பித் தராது. நாமோ 'இரண்டு இலை ஒரு மொட்டு' என்று அந்த வயதிலேயே கிள்ளிவிடுகிறோம்! ஆகவே பறிக்கிற மட்டத்துக்குக் கீழே முற்றின இலை அடர்த்தியாக இருக்க வேண்டும். அதையும் சேர்த்து மொட்டையடித்தால் செடி சேமிப்பில் கை வைத்துக்கொண்டே இருக்கும்.

சேமிப்பின் அருமை கவ்வாத்து வெட்டும்போதுதான், அதாவது கிளைகளை வெட்டிச் செடியைக் கட்டையாக்கும்போதுதான் தெரியும். இலையே இல்லாத கட்டை துளிர்க்க வேண்டும் என்றால் வேரில் இருப்பதுதான் கதி. இருப்பு போதாமல் வெட்டினால் கிளை காய்ந்து, சில செடி செத்தே போகும். வெட்டுவதற்கு முன்னால் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பென்சில் தடிமனுள்ள வேர்த் துண்டை எடுத்துக் கழுவி, குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலைத் தடவுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து தாராளம். பழுப்பு மஞ்சளாகவே நின்றால் வெட்டாமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சில வாரம் பறிக்காமல் செடியை ஓய்வாக விட்டு, மறுபடியும் ஒரு வேரைச் சோதித்துப் பாருங்கள்.