ஊர் வழக்கத்தை எழுதிக்கொடுத்தது யார்?

எல்லாருக்கும் வணக்கம். அந்நிய ஆட்சி என்றவுடன் யாழ்ப்பாணத்தில் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில் இடிப்புத்தான். 1619 இல் சங்கிலி மன்னன் பிடிபட்டதும், 1621 இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய காயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோயிலை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்திலேயே திரும்பக் கட்டிவிட்டோம். நான் இன்றைக்குப் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. "இது உங்கள் வழக்கம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று எங்கள் கையிலேயே அவர்கள் எழுதித் தந்துவிட்டுப் போனது ஒன்று இருக்கிறது. அதை நாம் இன்றும் இடிக்கவில்லை, ஏனென்றால் அது எங்களுடையது என்றே முழுதாக நம்புகிறோம்.

யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று இருக்கும். இவை எங்கள் முன்னோர் வழக்கம், சந்தேகமில்லை. ஆனால் அது சட்டப் புத்தகமாக வந்தது எப்படி? 1706 இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் உத்தரவிட, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வேலை செய்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (மாவட்ட அதிகாரி) தனக்குத் தெரிந்ததை டச்சு மொழியில் எழுதினார். பிறகு அது தமிழுக்கு வந்து 12 முதலிமாரிடம் காட்டப்பட்டது. அவர்கள் சரி என்றார்கள். அவ்வளவுதான். 1806 இல் ஆங்கிலேயர் அதற்கு முழுச் சட்ட வலு கொடுத்தார்கள்.

அந்த 12 பேர் யார்? அரசாங்கத்தோடு உத்தியோகத் தொடர்புள்ள பெரிய மனிதர்கள். ஒரு பெண் இல்லை. பனை ஏறியவர், வயலில் குனிந்து வேலை செய்தவர் ஒருவரும் இல்லை. அதே ஏட்டில் கோவியர், சண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் போட்டு அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அந்த மக்களிடம் ஒரு சொல் கேட்காமலே அவர்கள் யாருக்குச் சொந்தம் என்பது வழக்கமாக எழுதப்பட்டது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். ஆனால் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அத்தனை பேர் நிற்க வேண்டியிருந்ததே, அதை நினைத்துப் பாருங்கள், ஏட்டில் ஏறிய வழக்கம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று.

இன்னொன்று. ஆட்சிகள் மாறியதாலும், குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்திலும், பழைய சொத்து வழக்கங்கள் மாறிவிட்டன என்று அந்த ஏடே ஒத்துக்கொள்கிறது. அதாவது 1707 இல் எழுதி முடித்தபோதே அது ஓடிக்கொண்டிருந்த ஒரு வழக்கம். எழுதியவுடன் ஓட்டம் நின்றுவிட்டது. பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு குடும்பத்தின் நிலையைப் பார்த்து வளைந்து கொடுக்க வழியில்லை, நீதவான் ஏட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நைஜீரியாவின் கிழக்கே இக்போ மக்களில் பெரும்பாலான ஊர்களுக்கு அரசன் என்று ஒருவர் இருந்ததில்லை. கூடிப் பேசித் தீர்ப்பார்கள், பெண்களுக்கும் தனியாகக் கூட்டங்கள் இருந்தன. ஆங்கிலேயருக்கு இது பிடிபடவில்லை. ஊருக்கு ஒருவரைப் பிடித்து, கையில் ஒரு கடதாசியைக் கொடுத்து, "நீதான் பாரம்பரியத் தலைவன்" என்றார்கள். அந்தத் தலைவர்கள் வழக்கு விசாரித்தார்கள், வரிக்கு ஆள் எண்ணினார்கள், கனபேர் அதில் சொத்துச் சேர்த்தார்கள். 1929 இல் தங்களுக்கும் வரி வரப்போகிறது என்று அறிந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழும்பி, அந்தத் தலைவர்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடியும் ஆடியும் பதவித் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். ஆங்கிலேய அரசின் படை சுட்டதில் ஐம்பது பேரளவில் செத்தார்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் எழும்பவில்லை என்பது எனக்குக் கவலை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1816 இல் பொஸ்டன் நகரத்துச் சபை ஒன்று அனுப்பிய அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது, 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி. இதே பொஸ்டன் சபை அனுப்பிய ஆட்கள்தான் 1820 இல் ஹவாய்த் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள், அங்கேயும் 1831 இல் லஹைனாலுனாவில் ஒரு செமினரி, அச்சகம், சொந்த மொழியில் பத்திரிகை. ஒரே சபை, ஒரே முறை. ஆனால் ஹவாய் மக்கள் வெளியிலிருந்து வந்த நோய்களால் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், 1848 இல் பொதுவாக ஆண்ட நிலத்தைப் பங்கு பிரித்தார்கள், 1850 முதல் அந்நியர் நிலம் வாங்கலாம் என்றார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் பெருகி 1893 இல் அரசி லிலியுவோகலானியைக் கவிழ்த்தார்கள். 1896 இல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் என்று சட்டம். 1978 இல்தான் ஹவாய் மொழி அங்கே திரும்ப ஆட்சிமொழியானது, அதற்குள் அதை வீட்டில் பேசும் பிள்ளைகள் மிகச் சிலரே.

எங்களிடம் தமிழ் பிழைத்தது. அதற்கு முதல் காரணம், இங்கே தோட்ட முதலாளி வந்து குடியேறவில்லை, காணி எங்கள் கையில் இருந்தது. நாங்கள் அவர்களைவிடக் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. சொல்லப்போனால், 1855 இல் பொஸ்டன் சபை "தமிழில் படிப்பியுங்கள்" என்று சொல்லி வட்டுக்கோட்டை செமினரியை மூடியபோது, இங்கிலீஷ்தான் வேண்டும் என்று நின்றது எங்கள் பெற்றோர்!

இரண்டாவது காரணம் ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்க உதவியவர், 1847 இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார், அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் திறந்தார். ஒருவர் நின்று பேச மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் இந்த முறையே பாதிரிமாரிடமிருந்து அவர் எடுத்தது, நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் ஊர்த் தெய்வங்களுக்குக் கொடுத்த பலியும் படையலும் ஆகமத்துக்கு ஒவ்வாது என்று தள்ளப்பட்டதும், சாதி அப்படியே இருந்ததும் அந்த எழுச்சிக்குள்தான்.

வெள்ளைக்காரன் போனவுடன் இதெல்லாம் முடியவும் இல்லை. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் தரிசையும் அரசுக்கு ஆக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் காடு அரசின் கையில்தான், 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது ஆதிகுடிகளான வேடர்களின் வேட்டைக்காடு அதற்குள் போய்விட்டது. வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர்களை நாங்களாவது எண்ணிப் பார்க்கிறோமா?

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911 இன் கட்டளைச் சட்டம், ஆங்கிலேயர் காலத்துச் சட்டசபை செய்தது. கணவர் காணாமல் போயிருந்தாலோ விட்டுவிட்டுப் போயிருந்தாலோ அவள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். போருக்குப் பிறகு அப்படி அலைந்த பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், எங்கள் பண்பாட்டில் கை வைக்காதே என்று ஆண்கள் நாங்கள்தான் முதலில் எழும்புகிறோம். அந்த 12 முதலிமாரிடம் கேட்டதை, முன்னூறு வருசம் கழித்தாவது, சீதன உறுதி வைத்திருக்கும் பெண்களிடம் கேட்போம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், பெண்கள் முதலில்.