இதயத்துக்குள் இவ்வளவு இரத்தம் இருந்தும் இதயத்துக்கு ஏன் போதவில்லை?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியதை முதலில் எடுக்கிறேன். வாசிக்கிறேன், கேளுங்கள். "சேர், அப்பாவுக்கு அஞ்சியோகிராம் செய்து பார்த்துவிட்டு மூன்று அடைப்பு என்கிறார்கள். பைபாஸ் செய்ய வேண்டுமாம். இதயம் முழுக்க இரத்தம்தானே நிறைந்திருக்கிறது, பிறகு இதயத்துக்கே இரத்தம் போதவில்லை என்றால் அது எப்படி? நெஞ்சில் செய்கிற ஒப்பரேஷனுக்கு ஏன் காலையும் வெட்டுகிறார்கள்?"

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை, வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். அப்பாவுக்கு எந்தச் சிகிச்சை, எப்போது என்பதெல்லாம் அவரைப் பார்க்கிற டொக்டரிடம் கேட்க வேண்டியவை. ஆனால் தங்கச்சி, உங்கள் முதல் கேள்வி இருக்கிறதே, அதை என் வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் கீறுகிறார்கள், அம்புக்குறி போடுகிறார்கள், பெயர் எழுதி முழுப் புள்ளியும் எடுக்கிறார்கள். இதை மட்டும் கேட்பதில்லை.

சரி, இரத்தம் போகிற வழியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உடம்பைச் சுற்றி ஒட்சிசன் குறைந்து வருகிற இரத்தம் மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் என்ற இரண்டு பெரிய குழாய்களால் வலது சோணையறைக்கு, அதாவது வலப்பக்க மேலறைக்கு வருகிறது. முக்கூர் வால்வைத் தாண்டினால் அதற்குக் கீழேயுள்ள அறை, வலது இதயவறை. அது நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு, நான்கு நுரையீரல் நாளங்களால் இடது சோணையறைக்குத் திரும்பி, இருகூர் வால்வு வழியாக இடது இதயவறைக்கு இறங்கி, அங்கிருந்து பெருநாடிக்குள் பாய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம். நீங்கள் தமனி என்பதை நாங்கள் நாடி என்கிறோம், நீங்கள் சிரை என்பது எங்களுக்கு நாளம்.

அளவைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர், பிளேன்ரீ கிளாஸில் அரைவாசி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லீற்றர். ஒரு பெரிய ஆளின் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமும் சுமார் அவ்வளவுதான். அதாவது உங்கள் இரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு தடவை இதயத்தைக் கடந்து போகிறது. ஈரல் உணவிலிருந்து இரத்தத்தை உண்டாக்க, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் ஐரோப்பாவில் 1,400 வருடத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி சாதாரணப் பெருக்கல் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் இதயம் தள்ளுகிற இரத்தம் உடம்பிலுள்ள மொத்தத்தை விட அதிகம். இவ்வளவையும் சாப்பாட்டிலிருந்து செய்ய முடியாது, ஆகவே போன இரத்தமேதான் திரும்பி வருகிறது என்றார்.

இவ்வளவு இரத்தம் உள்ளே போய்வருகிறதென்றால் உங்கள் கேள்வி இன்னும் இறுகுகிறது, இல்லையா?

இதற்கு நான் வகுப்பில் ஆட்டு இதயம் ஒன்றை மேசையில் வைப்பேன். இறைச்சிக் கடையில் சும்மா கேட்டால் மேலே இருக்கிற குழாய்களை ஒட்ட வெட்டிவிட்டுத் தருவார்கள். "அண்ணை, குழாய் நீளமாக இருக்க வேண்டும், கறிக்கு இல்லை" என்று முதலே சொல்லிவைக்க வேண்டும். கழுவி வைத்தால் முதலில் கண்ணில் படுவது இதயத்தைச் சாய்வாகச் சுற்றி ஓடுகிற மஞ்சள் வெள்ளைக் கொழுப்பு வரிகள். பிள்ளைகள் அதைக் கழிவு என்று சுரண்டி எறியப் பார்ப்பார்கள். மெதுவாக விலக்கிப் பார்த்தால் அதற்குள்ளேதான் நூல் மாதிரிக் குழாய்கள் ஓடுகின்றன.

பிறகு பெருநாடியை நீளவாட்டில் கிழித்து விரிக்க வேண்டும். அடியில் மூன்று சட்டைப்பைகள் மாதிரி மெல்லிய தோல்கள் தெரியும். அதுதான் அரைமதி வால்வு. அந்தப் பைகளுக்குச் சற்று மேலே சுவரை உற்றுப் பாருங்கள், சின்னதாக இரண்டு துளை இருக்கும். ஒரு விளக்குமாற்று ஈர்க்கை எடுத்து ஒரு துளைக்குள் விட்டால், அது இதயத்துக்குள்ளே போகாது. வெளிச்சுவரில், அந்தக் கொழுப்பு வரிக்குள்ளே புகுந்து ஓடும். சிறிஞ்சால் நீல மை கலந்த தண்ணீரை அந்தத் துளைக்குள் தள்ளினால் இதயத்தின் மேற்பரப்பில் நீலக் கிளைகள் ஒவ்வொன்றாக விரியும். வகுப்பில் அந்த நேரத்தில் யாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

அதுதான் முடியுருநாடி. பெருநாடி உடம்பு முழுக்கக் கிளை விடுகிறது. அதன் முதல் கிளைகளே இதயத்துக்குத்தான். இதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு அந்த இரண்டு துளைகளாலும் திரும்ப அதன் சுவருக்கே போகிறது.

கொலன்னாவையிலிருந்து பெற்றோல் ஏற்றிவருகிற பவுசரை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகில் 33,000 லீற்றர். ஆனால் அந்த லொறியின் எஞ்சின் ஓடுவது வேறொரு சின்னத் தாங்கியிலிருந்து, ஒரு ஒல்லிக் குழாயால் வருகிற டீசலில். அந்தக் குழாய் அடைத்தால் முதுகுச் சுமையோடு அப்படியே காலி வீதியில் நிற்க வேண்டியதுதான். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு நான் இதை விளக்கவே தேவையில்லை. இதயவறைக்குள் இருக்கிற இரத்தம் சுமை. சுவருக்கான சாப்பாடு வேறு வழியால் வர வேண்டும்.

"உள்ளே இருக்கிற இரத்தத்தையே உறிஞ்சிக்கொண்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்கிறது, ஆனால் இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மிக மெல்லிய உள்படை மட்டும். ஒட்சிசன் தசைக்குள் தானாக ஊறிப் போகிற தூரம் ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்கு. இடது இதயவறையின் சுவரோ ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு. வலது பக்கம் அதில் மூன்றில் ஒன்றுதான், ஏனென்றால் அது பக்கத்திலிருக்கிற நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். தவளையின் இதயவறை உள்ளே பஞ்சு மாதிரி. இரத்தம் தசை இடுக்குகளுக்குள் எல்லாம் புகுந்து போகும், அதனால் அந்தச் சுவருக்கு முடியுருநாடி இல்லாமலே சமாளித்துவிடும். எங்களுடையது இறுகிய தசை. அமுக்கம் வேண்டுமென்றால் சுவர் தடிப்பாக வேண்டும், தடித்தால் தனிக் குழாய் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போது இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. இடது இதயவறைச் சுவருக்கு மட்டும் அது தளரும்போதுதான் பெரும்பகுதி கிடைக்கிறது. சுருங்குகிற தசை தனக்குள் ஓடுகிற சின்னக் குழாய்களையும் சேர்த்து நசுக்கிவிடுகிறதே, அதனால். சுருங்கும்போது பெருநாடி றப்பர் மாதிரி விரிந்து கொஞ்ச இரத்தத்தைப் பிடித்துவைக்கும். தளரும்போது அந்த அரைமதி வால்வு மூடிக்கொள்ளும், விரிந்த பெருநாடி சுருங்கி அந்த இரத்தத்தை இரண்டு துளைகளுக்குள்ளும் தள்ளும். பிரஷர் பார்க்கிறபோது 120க்கு 80 என்கிறார்களே, அந்தக் கீழ் எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தளர்ந்த நேரத்து அமுக்கத்தில்தான் இதயம் சாப்பிடுகிறது.

இப்போது உங்கள் அப்பா தொடர்மாடியில் லிப்ட் வேலை செய்யாத நாளில் படியேறுகிறார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 0.86 செக்கன் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் தளர்ச்சி. துடிப்பு 130, 140 ஆனால் அதிகம் குறைவது தளர்ச்சி நேரம்தான். வேலை கூடுகிறது, சாப்பிடுகிற நேரம் குறைகிறது. மற்றத் தசைகள் ஓய்வில் இரத்தத்திலிருந்து கால்வாசி ஒட்சிசனைத்தான் எடுக்கின்றன, தேவைப்பட்டால் இன்னும் எடுக்கலாம். இதயம் சும்மா இருக்கும்போதே எழுபது வீதமளவில் எடுத்துவிடுகிறது. ஆகவே அதற்கு ஒரே வழி, கூடுதலான இரத்தம் வருவது. குழாய் நன்றாக இருந்தால் விரிந்து கொடுக்கும். ஒடுங்கியிருந்தால்? மூன்றாம் மாடியில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், உட்கார்ந்தால் விடும். சிலருக்கு அது தாடையிலோ இடது கையிலோ தெரியும். வாய்வு என்று சோடா குடித்துவிட்டு இருக்கிறவர்கள் எத்தனை பேர்!

மூன்று அடைப்பு என்றால் என்ன? இடது முடியுருநாடி உடனேயே இரண்டாகப் பிரிகிறது, ஒன்று முன்பக்கமாக இறங்கும், மற்றது சுற்றிப் பின்னால் போகும். வலது முடியுருநாடியோடு சேர்த்தால் மூன்று முக்கியக் குழாய். ஆரம்பத்திலேயே அவற்றின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீற்றர்தான். கொழுப்பு குழாய்க்குள் எண்ணெய் மாதிரி மிதந்து வந்து அடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குழாயின் சுவருக்குள்ளேயே படிந்து உட்பக்கமாகப் புடைக்கிறது. அது வருடக்கணக்கான வேலை. ஒரு நாள் அந்தப் புடைப்பின் மேல் தோல் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து குழாயைத் திடீரென மூடினால் அதுதான் அட்டாக். ஓய்வெடுத்தும் விடாத நெஞ்சு நோ, வியர்வை, மூச்சு முட்டல் என்றால் ஓட்டோ தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசும் இல்லை.

அப்புறம் காலுக்கு வருவோம். பைபாஸ் என்றால் அடைப்பை நீக்குவது இல்லை, அதைச் சுற்றி வேறு பாதை போடுவது. அதற்குக் குழாய் வேண்டும். ஒன்று நெஞ்சுக்கூட்டின் உட்புறம் ஓடுகிற நாடி, மற்றது காலில் தோலுக்குக் கீழே கணுக்காலிலிருந்து தொடை வரை ஓடுகிற நீளமான நாளம். அந்தக் கால் நாளத்தை இதயத்தில் தைப்பதை ஒழுங்கான முறையாக்கியவர் ஆர்ஜென்ரீனாக்காரரான ரெனே பவலோரோ, 1967இல். கால் நாளத்துக்குள் இரத்தம் கீழே வழியாமல் தடுக்கிற வால்வுகள் இருக்கின்றன. அப்படியே வைத்துத் தைத்தால் அவை இங்கே இரத்தத்தை மறித்துவிடும். அதனால் வழமையாக அதைத் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள். ஒரு பக்கத்தைப் பெருநாடியில், மறுபக்கத்தை அடைப்புக்கு அப்பால்.

எடுத்த பிறகு காலுக்கு என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். காலிலிருந்து மேலே வருகிற இரத்தத்தின் பெரும்பகுதி தசைகளுக்கு நடுவே ஓடுகிற ஆழமான நாளங்களால்தான் வருகிறது. கொஞ்ச நாள் கால் வீங்கலாம். கெண்டைக்கால் தசை சுருங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஆழமான நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றும், அதனால்தான் ஒப்பரேஷன் முடிந்த கையோடு மெதுவாக நடக்கச் சொல்வார்கள். அப்பா முரண்டு பிடித்தால், கையைப் பிடித்துக்கொண்டு வார்ட்டுக்குள்ளேயே இரண்டு நடை கூட்டிப்போங்கள்.