சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: உதவித்தொகை எங்கே இருக்கிறது?

வணக்கம். கோர்ட் முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசுகிறேன், வண்டிச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, படித்து முடித்து கூலித் தொழிலாளர் வழக்குகளைத்தான் நடத்த ஆசை. அதற்கென்று ஸ்காலர்ஷிப் இருக்கா?"

'ஏழைகளுக்கு வாதாடுவேன்' என்று எழுதிக் கொடுத்தால் பணம் தருகிற திட்டத்தைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். ஐந்து வருடத்தைக் கடன் இல்லாமல் முடிக்கப் பாருங்கள். கடன் இல்லாதவர்தான் குறைந்த வருமானம் வரும் வழக்கைத் தைரியமாகக் கையில் எடுக்க முடியும்.

வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள், கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு தமிழக அரசின் 2021 சட்டப்படி 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அதில் சட்டப் படிப்பும் வருகிறது. எஸ்சி, எஸ்டி மாணவர்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்றால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விடவே கூடாது. தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போக ஆசையா? பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010-இல் தொடங்கிய 'இடியா' அமைப்பு, வசதியில்லாத பிள்ளைகளுக்கு, அங்கே சேர எழுத வேண்டிய கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறது, சேர்ந்த பிறகும் கைவிடுவதில்லை.

இதோ, இந்தப் பழைய ஃபைலைப் பாருங்கள். என் டிசியில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் அலைந்தேன், அந்த வருட விண்ணப்பத் தேதி போய்விட்டது. அப்பா, அம்மாவின் தாலிக் கொடியை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினார். அதனால் ஆதார், டிசி, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். இன்றைக்கே.

படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருடம்தான் ரொம்பக் கஷ்டம். அதில் ஒரு பாரம் குறைந்திருக்கிறது. முன்பு பல மாநிலங்களில் வக்கீலாகப் பதிவு செய்யவே பல ஆயிரம் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்புறம், ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு, என்று தமிழக அரசு 2020-இல் அறிவித்தது. பதிவு செய்த கையோடு இப்போதைய விதிகளை விசாரித்துவிடுங்கள். பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும்.

சரி, செங்கல் சூளை அம்மா ஒருவர் அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், சம்பளப் பாக்கி கேஸ். பஸ்ஸுக்கு நேரமாகிறது அவருக்கு, நான் போகிறேன்.