ஸ்டாண்டன் வீட்டுத் தொட்டில்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்றால் 1848 ஜூலையில் செனகா ஃபால்ஸ் ஊரில் கூடிய பெண்ணுரிமை மாநாடுதான் பலருக்கும் நினைவு வரும். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் அது. மாநாட்டு மண்டபத்தை விட்டுவிட்டு இன்று அவருடைய வீட்டுக்குள் போவோம். 1842 முதல் 1859 வரை ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள்: ஐந்து ஆண், இரண்டு பெண்.

மூத்தவன் டேனியல் பிறந்து நான்காம் நாள், அவனுடைய காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு, வளைந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் வந்தார். எலும்பின் மேல் அழுத்தம் நிற்க வேண்டும் என்று மணிக்கட்டில் கட்டுப்போட்டு இழுத்துக் கட்டினார். பத்து நாள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார். சற்று நேரத்தில் குழந்தையின் விரல்கள் நீலம் பாரித்தன. ரத்த ஓட்டம் தடைபட்டிருந்தது. கட்டை அவிழ்க்கச் செவிலி மறுத்துவிட்டாள், தாயே அவிழ்த்தார். இரண்டாவதாக வந்தவர் முதல் மருத்துவரைக் குறை சொன்னார். பிறகு அதே கட்டை மணிக்கட்டுக்குப் பதிலாகக் கையில் போட்டார்! மறுபடியும் விரல் நுனிகள் கறுத்தன.

கையைத் தொடாமல் எலும்பை மட்டும் அழுத்துவது எப்படி? இதுதான் கேள்வி. எலிசபெத் நான்காக மடித்த லினன் துணிப் பட்டைகள் மூன்று எடுத்தார். ஒன்றை ஆர்னிகா என்னும் மூலிகை மருந்து கலந்த தண்ணீரில் நனைத்துக் காறை எலும்பின் மேல் வைத்தார். மற்ற இரண்டையும் கால்சட்டை வார் போலத் தோள்களின் மேல் போட்டு, மார்பிலும் முதுகிலும் குறுக்காக மாற்றி, முனைகளை இடுப்புத் துணியோடு சேர்த்துக் குத்தினார். நாம் இன்று அறியும் ஊக்குக்குக் காப்புரிமை கிடைத்தது 1849-ல்தான்; எனவே இதைக் குண்டூசியால் குத்தியிருக்க வேண்டும், பச்சிளம் உடம்பில் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். இரவும் பகலும் பலமுறை துணியை நனைத்தார், தளர்ந்த பட்டையைச் சரிசெய்தார். வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் வந்த மருத்துவர்கள், தாயின் உள்ளுணர்வு பெரிது என்று மெச்சினார்கள். உள்ளுணர்வெல்லாம் இல்லை, கடினமாக யோசித்தேன் என்றார் அவர்.

அந்தக் காலத்தில் பச்சைக் குழந்தையின் வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்குவது வழக்கம். இறுக்காவிட்டால் எலும்பு பிரிந்துவிடும் என்பது செவிலியின் நம்பிக்கை. பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் கட்டுப்போடாமல் ஒன்றாகத்தானே நிற்கின்றன என்று கேட்டவர் எலிசபெத். சன்னல்களையும் திறந்து வைத்தார்.

1847-ல் குடும்பம் செனகா ஃபால்ஸுக்குப் போனது. பல ஆண்டு பூட்டிக் கிடந்த வீடு. எலிசபெத்தின் தந்தை ஒரு காசோலையைக் கொடுத்து, நீயே சீர்செய்துகொள் என்றார். எலிசபெத் பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, தச்சர், வண்ணம் பூசுவோர், சுவரில் காகிதம் ஒட்டுவோர், தோட்டக்காரர் எல்லாரையும் ஒருசேர வேலையில் இறக்கினார். புதுச் சமையலறையும் விறகுக் கொட்டிலும் எழுந்தன. ஒரே மாதத்தில் குடிபுகுந்தார்.

அதன்பின் வந்ததுதான் கஷ்டம். ஊர்க்கோடி வீடு, சேற்றுப் பாதை, அடிக்கடி வெளியூர் போகும் கணவர். பிள்ளைகளுக்கு மூன்று மாதம் குளிர்காய்ச்சல். வேலைக்காரர்களும் அதே நேரத்தில் படுத்தார்கள். இந்த அலுப்பைத்தான் 1848 ஜூலையில் பக்கத்து ஊர் வாட்டர்லூவில், தேநீர் மேசையில் நான்கு தோழியரிடம் கொட்டினார். சில நாட்களிலேயே மாநாடு கூடியது.

பையன்கள் சாமானியர்கள் இல்லை. தக்கைகளால் மிதவை செய்து, அதைச் சோதிக்க ஒன்றரை வயதுத் தம்பியைக் கட்டி ஆற்றில் விட்டார்கள். எடுத்தபோது குழந்தை குளிரில் நீலமாகியிருந்தது. மறுநாள் அதே குழந்தை வீட்டுக் கூரையில், புகைபோக்கியின் மேல் உட்கார்ந்திருந்தது!

1851-ல் அவர் குட்டைப் பாவாடையும் உள்ளே கால்சட்டையும் அணியத் தொடங்கினார். ஒரு கையில் விளக்கும் மறுகையில் குழந்தையுமாக அவருடைய உறவுக்காரப் பெண் அந்த உடையில் எளிதாக மாடிப்படி ஏறியதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு. தரையில் புரளும் பாவாடை என்றால், அதைத் தூக்கவே ஒரு கை வேண்டும். விடுதிப் பள்ளியில் இருந்த டேனியலுக்கு, அதே காறை எலும்புப் பிள்ளைக்கு, இது வெட்கமாகப் போயிற்று. அந்த உடையில் தன்னைப் பார்க்க வர வேண்டாம் என்றான். அவர் பதில் எழுதினார்: நாம் வயலில் நடக்கும்போது ஒரு காளை துரத்தினால் நீ ஓடிவிடுவாய், மூன்று நீளப் பாவாடையோடு நான் என்ன செய்வேன்?