சாரலோடு வரும் விருந்தினரும் உள்ளூர்ச் செக்கும்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களே, சுற்றுலாத் துறை அலுவலர் அவர்களே, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலிருந்து நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, விடுதி உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, உழவர் குழுக்களின் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த அரங்கைக் கட்டணமின்றித் தந்த பள்ளித் தாளாளர் ஐயாவுக்கும், இந்த வெயிலில் காலையிலிருந்து நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், எனக்குப் பொன்னாடை அணிவித்த வணிகர் சங்கத்தாருக்கும் நன்றி.

தென்காசி மாவட்டத்தை நலவாழ்வுச் சுற்றுலாத் தலமாக வளர்ப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நீர், மருத்துவம், வருமானம் என்று மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். மூன்றுக்கும் அடியில் ஓடுவது நம் பெரியவர்கள் சொன்ன ஒரே பழமொழிதான்: வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு. வாணியன் என்றால் செக்கில் எண்ணெய் ஆட்டுபவர்; நல்ல எண்ணெய்க்குச் செலவிட்டால் மருந்துச் செலவு குறையும் என்பது பொருள்.

முதலாவது நீர். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசிக்கு அடையாளமே குற்றாலத்து அருவிகள். பேரருவியும் ஐந்தருவியும் தென்மேற்குப் பருவமழையால் நிறைகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் சாரலுக்காகவே மக்கள் வருகிறார்கள். அருவியில் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. மலைமேல் பெய்யும் மழையை உடனுக்குடன் அறிந்து கீழே எச்சரிக்கும் ஏற்பாடு இல்லாமல் எந்த விளம்பரமும் செய்யக்கூடாது. சிற்றாற்றில் கலக்கும் கழிவுநீரைப் பற்றி அலுவலர் அவர்களே விரிவாகப் பேசுவார்கள் என்பதால் மேலே செல்கிறேன்.

மருத்துவத்தில் நமக்குக் குறையில்லை. அகத்தியர் பெயரோடு இணைந்த பொதிகை மலை நம் பக்கத்தில் இருக்கிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி 1964 முதல் சித்த மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. சித்தம், ஆயுர்வேதம் போன்ற நம் மரபுச் சிகிச்சைக்கென வரும் வெளிநாட்டவருக்கு ஆயுஷ் விசாவும் 2023-இல் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் கொச்சியிலிருந்து ஒரு குடும்பம் சாரலுக்கு வந்து இங்கே ஒரு பெரிய விடுதியில் தங்கியது. உடன் வந்த எண்பது வயதுப் பாட்டியம்மா குளிக்க நல்லெண்ணெய் கேட்டார். விடுதிப் பையன் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த அம்மா உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "எள் வாசமே இல்லையே, மோனே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாகன ஓட்டுநர் நம் பக்கத்துப் பிள்ளை. அவர் பாட்டியை இலஞ்சிப் பக்கம் ஒரு மரச்செக்குக்கு அழைத்துப் போனார். வாகை மரத்து உலக்கை சுழல, எள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு ஆட்டுவதை அந்த அம்மா ஒரு மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இப்போதே கொடு என்று கேட்டபோது, "கலங்கலாக இருக்கிறது, வெயிலில் வைத்துத் தெளிந்தால்தான் தருவேன், நாளைக்கு வாருங்கள் அம்மா" என்று செக்குக்காரர் சொல்லிவிட்டார். விற்பனை போனாலும் பரவாயில்லை என்ற அந்த நேர்மைக்காகவே பாட்டி மறுநாளும் போனார். அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து வாங்கினார். இதைச் செக்குக்காரரே என்னிடம் சொன்னார். அவர் செக்குக்கும் அந்த விடுதிக்கும் நடந்து போகும் தூரம்தான். உடல் பிடித்துவிடுவதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் அந்த விடுதியிலிருந்து ஒரு கிண்ணம் எண்ணெய் கேட்டு அதுவரை ஒருவரும் அவரிடம் வந்ததில்லை.

(கைதட்டல்)

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்கிறோம். அந்த வாணியர் விடுதியின் வாசலுக்கு வெளியே நிற்கிறார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் படம் எடுக்க வண்டி வண்டியாக வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த வயலின் எண்ணெயில் சமைத்த உணவை உண்டார்கள்? பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி மலையைக் கடந்து கேரளத்துக்குப் போகிறது. அதே கேரளம் 2008-இல் குமரகத்தில், சுற்றுலாவின் பலன் உள்ளூர் மக்களுக்கும் சேர வேண்டும் என்ற பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கியபோது, குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுக்களின் காய்கறியை அங்குள்ள விடுதிகளே வாங்கும்படி ஏற்பாடு செய்தது. புளியங்குடி எலுமிச்சையும் நம் செக்கெண்ணெயும் நம் விடுதிகளுக்குள் போக என்ன தடை?

விடுதியாரின் தரப்பையும் கேட்டிருக்கிறேன். பில் வேண்டும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், ஆண்டு முழுவதும் ஒரே தரம் வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் தனியொரு செக்குக்காரரால் இவை முடியாது. பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தால் முடியும்.

எனவே ஆட்சித்தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆனி பிறப்பதற்குள் விடுதி உரிமையாளர்களையும் செக்குக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இந்தச் சாரல் காலத்துக்கான கொள்முதலை எழுத்தில் முடித்துத் தாருங்கள். பதிவுக்கும் தரப் பரிசோதனைக்கும் ஒன்றியந்தோறும் ஒரு முகாம் நடத்தித் தாருங்கள். சேர முன்வந்திருக்கும் செக்குக்காரர்களின் பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் அனுமதியோடு இந்த மேடையிலேயே அதை ஒப்படைக்கிறேன். வணக்கம்.