ஸ்பொன்சர் செய்தவருக்கே வீடு சொந்தமா?

வணக்கம் உறவுகளே. “நான்தான் உன்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டேன். வீடு என் பெயரில் இருக்கிறது. பிரிந்தால் உனக்கு ஒரு சதமும் கிடைக்காது, ஊருக்குத்தான் போக வேண்டும்.” இப்படிச் சொல்லி வாயடைக்கப்பட்ட பெண்களை இங்கே கனடாவின் ஸ்காபரோவில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இன்றைய காணொளி.

முதலில் வதிவிட உரிமை. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டால், திருமணம் உண்மையாகச் செய்யப்பட்டதாக இருந்தால், பிரிவதால் மட்டும் அது பறிபோகாது. புதிதாக மணமானவர்கள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது, 2017இல் நீக்கப்பட்டது. சொந்தக்காரர்கள் இன்னமும் அதையே சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். விண்ணப்பம் முடிவாவதற்கு முன்பே பிரிந்தால் நிலைமை வேறு, ஸ்பொன்சர் செய்தவர் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அப்போதும் சொத்துப் பங்கு மாறாது. ஒன்ராறியோ மாகாணத்தின் குடும்பச் சட்டம் பார்ப்பது திருமணத்தை, விசாவை அல்ல.

இனி வீடு. சட்டம் வீட்டை இரண்டாக வெட்டுவதில்லை. திருமண நாளில் இருந்ததைக் கழித்து, பிரிந்த நாளில் ஒவ்வொருவரின் நிகர மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்கிறது. கூடுதலாக உள்ளவர் அந்த வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். குடும்ப வீட்டுக்கு மட்டும் தனி விதி: கணவர் அதைத் திருமணத்துக்கு முன்பே வாங்கியிருந்தாலும், பிரியும்போது இருவரும் அதில்தான் குடியிருந்தார்கள் என்றால், அந்தப் பழைய மதிப்பைக் கழிக்க முடியாது. வீடு 8 லட்சம் டொலர், கடன் 3 லட்சம், மனைவியின் கணக்கில் 20,000, வேறொன்றும் இல்லை என்று வையுங்கள். வித்தியாசம் 4,80,000. மனைவிக்குச் சேர வேண்டியது 2,40,000 டொலர்! வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் இருக்கும் உரிமை சமம். அவர் சம்மதமில்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது.

சேர்ந்து வாழ்ந்தது ஐந்து வருடத்துக்குக் குறைவு என்றால், அளவுக்கு மீறிய தொகையை நீதிமன்றம் குறைக்கலாம். ஸ்பொன்சர் செய்தவர்கள் இதையும் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் உங்கள் பொறுப்பு விவாகரத்தோடு முடிவதில்லை. துணைக்கு வதிவிடம் கிடைத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அவர் அரச உதவிப் பணம் எடுத்தால், அதைத் திருப்பிக் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள்.

ஒரு தங்கை என் சமையலறை மேசையில் விரித்து வைத்த, கணவரோடு செய்யவிருந்த சொத்து ஒப்பந்தம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். கையொப்பமிட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் வீட்டு உரிமை முழுவதையும் அவர் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. கணவரின் சேமிப்பும் ஊர்க் காணியும் எங்குமே இல்லை. சொத்து வழக்கில் நிரப்ப வேண்டிய 13.1 நிதி விவரப் படிவத்தில் கனடாவுக்கு வெளியே உள்ளதையும் காட்டியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் காணி, கொழும்பு வீடு எல்லாம் கணக்கில் வரும். மறைத்துச் செய்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் செல்லாது என்று ஒதுக்கலாம், ஆனால் கையொப்பமிட்ட பிறகு அதற்காகப் போராடுவது பெரும்பாடு. தயவுசெய்து, உங்களுக்கென்று தனிச் சட்டத்தரணி வாசித்து விளக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். கையில் பணமில்லாதவர்கள் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பைக் கேளுங்கள்.

பெற்றோர் திருமணத்துக்குப் பின் உங்களுக்கென்று தந்த நகை, பணம் பங்கில் சேராது. அதை அந்த வீட்டுக் கடனில் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பிரிந்த திகதியை இன்றே எங்காவது எழுதி வையுங்கள். சொத்து கேட்டு வழக்குப் போட அதிலிருந்து ஆறு வருடம், விவாகரத்து ஆகிவிட்டால் அதிலிருந்து இரண்டு வருடம். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.