சாப்பிடாதவரும் காசு கொடுத்த விருந்து

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மறைந்துபோன பிரிட்டிஷ் விமானச் சேவைகளுள் மக்கள் மனத்தில் நிற்பது ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த கான்கார்டு விமானமா, தொழிலதிபர் ஃபிரெடி லேக்கர் நடத்திய மலிவுக் கட்டண விமானச் சேவையான ஸ்கைட்ரெயினா என்பது தலைப்பு. நான் ஸ்கைட்ரெயின் பக்கம்.

எதிரணித் தலைவர் கான்கார்டின் பெருமைகளை அடுக்கினார். ஒலியைப்போல் இரு மடங்கு வேகம், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரம், 1996இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணி நேரத்திற்கும் குறைவான பயணம் என்று அவர் சொன்ன எல்லாம் உண்மை. அத்தோடு அமர்ந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். போகிற போக்கில், "எங்கள் விமானத்தில் ஷாம்பெயின் ஊற்றினார்கள், உங்கள் லேக்கரோ சோற்றுக்கும் காசு கேட்டார்" என்று ஒரு குத்தும் விட்டுப் போனார்.

ஆம் ஐயா, கேட்டார். 1977 செப்டம்பர் 26 அன்று லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு முதல் ஸ்கைட்ரெயின் புறப்பட்டபோது ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது; வரிசையில் நின்று சீட்டு வாங்கி அன்றே பறக்க வேண்டும். சாப்பாடு வேண்டுமென்றால் தனிக்காசு, வேண்டாமென்றால் கட்டுச்சோற்றோடு ஏறிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக் கோடையில் அந்தச் சீட்டுக்காக மக்கள் தெருவிலேயே படுத்துக் கிடந்தார்கள். சோற்றுக்குக் காசு கேட்டதை அவமானமாக நினைத்தவர்களா அப்படிப் படுத்துக் கிடப்பார்கள்?

சரி, அந்த ஷாம்பெயினுக்குக் காசு கொடுத்தவர் யார்? கான்கார்டை உருவாக்கிய செலவைப் பிரிட்டன், பிரான்சு அரசுகளின் கருவூலங்களே சுமந்தன. வாங்குவதாகச் சொல்லியிருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, சேவைக்கு வந்த 14 விமானங்களும் அந்த இரு நாடுகளின் அரசு நிறுவனங்களிடமே போய்ச் சேர்ந்தன. உள்ளே நூறு பேர் அருந்தினார்கள். வெளியே வரிசையில் நின்ற பேருந்து ஓட்டுநரும் பள்ளி ஆசிரியையும் அதற்கு வரி கட்டினார்கள். லேக்கர் சாப்பிட்டவரிடம் மட்டும் காசு வாங்கினார், நடுவர் அவர்களே; கான்கார்டு சாப்பிடாதவரிடமும் வாங்கியது!

மணி அடித்துவிட்டீர்கள், இன்னும் ஒரே ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்களைக் கைப்பிடித்து, பல்லாயிரம் பெண்கள் கடல் கடந்து போனார்கள். அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய தாய்மாருக்கு, முப்பது ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க 59 பவுண்டில் வழி திறந்தது. அந்த வழியைத் திறப்பதற்காக லேக்கர் ஆறு ஆண்டுகள் போராடினார். கொடுத்த அனுமதியை அரசு பறிக்க முயன்றபோது நீதிமன்றத்தில் அரசையே எதிர்த்து வென்றார். டாலரில் வாங்கிய கடனும், சரிந்த பவுண்டும், பெரிய நிறுவனங்கள் போட்டிக்குக் குறைத்த கட்டணமும் சேர்ந்து 1982 பிப்ரவரி 5 அன்று அவரைச் சாய்த்தபோது, முகம் தெரியாத எளிய மக்கள் அவரைக் காப்பாற்றத் தங்கள் கைக்காசை அனுப்பினார்கள்.

மகளைப் பார்க்கப் போகும் தாய்க்கு மூன்றரை மணி நேரப் பயணமா, ஏழரை மணி நேரப் பயணமா என்பது ஒரு கவலையா? அவள் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.